நவாப்ஜி வீட்டு நயீம்

தோல் கிடங்கில் ரகம் பிரிக்கிறவனுக்கு நல்ல புத்தி எப்படி வரும்? எது மினுமினுவென்று வந்தாலும் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்கத்தான் என் கை போகும். நயீம் அகமதையும் இத்தனை வருஷமாக அப்படித்தான் பார்த்துவந்தேன்.

ஆம்பூரில் இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனி. நான் கிடங்கில், அவன் ஃபினிஷிங் லைனில் சூப்பர்வைசர். வாரம் பூராவும் கழுத்தில் அடையாள அட்டை, சட்டையில் பசை வாடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் இளவரசன். 'சின்னக்கோட்டை ஜாகீரின் வாரிசு' என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பிரியாணிக் கடை, செல்போன் கடை, கல்யாண மண்டபம், எதைத் திறந்தாலும் ரிப்பன் வெட்ட அவன்தான். ஷெர்வானி மாட்டிக்கொண்டு, மீசையைத் தடவியபடி போட்டோவுக்கு நிற்பான். தர்கா உரூஸ் திருவிழாவில், சமாதிக்குப் போர்த்துகிற முதல் போர்வையைத் தலையில் சுமந்து போகிற மரியாதையும் அவனுக்கே. அவனுக்கு முன்னால் அவன் அப்பாவுக்கு.

நவாப் காலத்தில் மானியமாக வந்த அந்த ஜாகீர் எப்போதோ போய்விட்டது. கோட்டை இருந்த இடத்தில் பாதிச் சுவரும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். காகிதம் ஒன்றும் இல்லை. ஊர் அவர்கள் வீட்டை 'நவாப்ஜி வீடு' என்கிறது, வருஷா வருஷம் அவர்கள் போர்வை தூக்குகிறார்கள், ஆகவே வாரிசு. அத்தாட்சி அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. அவனுடைய பாட்டனார் யானையிலிருந்து விழுந்து இறந்ததாக ஒரு திறப்பு விழாவில் சொன்னான். அடுத்த ரம்ஜானில் அதே பாட்டனார் குதிரையிலிருந்து விழுந்தார். ஷெர்வானியும் அவர் காலத்ததாம். ஒருநாள் வெயில் தாங்காமல் அதைக் கழற்றி மடியில் போட்டபோது உள்துணியைப் பார்த்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் லேடீஸ் ஷூவுக்கு வைக்கிற லைனிங். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். என் மனைவி மஹ்பூபி மட்டும் எப்போதும் அவன் கட்சி. நம்ம ஊருக்கும் ஒரு ராஜா இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன நஷ்டம் என்பாள்.

மஹ்பூபி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். தர்காவுக்குப் பின்னால் உள்ள கபரஸ்தானில் அடக்கினோம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்காவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடாது.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. நிலத் தரகர் ரஃபி அகமது ஊருக்குள் சுற்ற ஆரம்பித்தார். பைபாஸ் ரோட்டை ஒட்டிய நிலம், குடோன் கட்டத் தோதானது. பழைய ஜாகீர்தார் கபரஸ்தானுக்கென்று வாய்வார்த்தையாக விட்ட இடம், யாருக்கும் எழுதித் தரவில்லை. அதனால் வாரிசு கையெழுத்துப் போட்டால் விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டு திரிந்தார்.

நயீம் அவருடைய காரில் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். ராணிப்பேட்டை வரை போய் வந்தார்களாம். கேட்டால், சும்மா பேசினோம் என்றான். அடுத்த வாரமும் ஏறினான். அவன் மகள் ஆஃப்ரீனுக்கு வாலாஜாபேட்டையில் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசியிருந்த சமயம் அது. நவாப் குடும்பம் என்றுதான் அவர்களும் தேடி வந்தார்கள். பெரிய இடத்துக் கல்யாணம் சும்மா நடக்குமா? விற்கப்போகிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில், டீக்கடையில், பள்ளிவாசல் படியில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் மஹ்பூபி மேல் லாரி நிற்கும் என்றும் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜமாத் கூட்டம் போட்டார்கள். தரகரோடு நிலம் வாங்குகிற பார்ட்டியும் அவர்களுடைய வக்கீலும் வந்திருந்தார்கள். நயீம் ஷெர்வானி இல்லாமல் கம்பெனிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். ஏழை வேஷம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி அப்துல் கரீம் சுற்றி வளைக்காமல் கேட்டார், கையெழுத்துப் போடப்போகிறாயா என்று. மாட்டேன் என்றான். தரகர் அசரவில்லை. பெங்களூரில் இவருடைய சித்தப்பா மகன் ஹஸன் இருக்கிறார், அதே நவாப் ரத்தம், அவர் எப்போதோ சம்மதித்துவிட்டார் என்றார். வக்கீலும் தலையாட்டினார்.

நயீம் எழுந்து நின்றான்.

"முத்தவல்லி சாப், நாங்க நவாபே இல்ல. கோட்டை வாசல்ல நகரா முரசு அடிச்சவங்க. நகரா அடிக்கிறவன் நகார்ச்சி. எங்க வூட்ட நகார்ச்சி வூடுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. ஊர் வாயில அது நவாப்சி ஆயி, நவாப்ஜி ஆய்ட்ச்சு. தாத்தாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மரியாதை கெடைச்சுது, அப்படியே வுட்டுட்டோம். ஹஸனும் நகார்ச்சி பேரன்தான். அவன் கையெழுத்துப் போடணும்னா முரசு மேலதான் போடணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் தரகரைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துபோனது தெரிந்தது. ஊர் வாய்தான் ஒரே அத்தாட்சி. அதை ஊர் முன்னாலேயே அவன் உடைத்துவிட்டான். பார்ட்டி காரில் ஏறிப் போனது, திரும்பி வரவில்லை.

வாலாஜாபேட்டைக்காரர்கள் போனிலேயே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த உரூஸில் முதல் போர்வையை மண்டப முதலாளி ஒருவர் சுமந்தார். திறப்பு விழாக்களுக்கு இப்போது டிவி நடிகர்களைக் கூப்பிடுகிறார்கள். லைனில் பையன்கள் நயீமை 'நகரா' என்கிறார்கள். அவனும் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்கிறான்.

ஆனால் என் புத்தி என்னை விடுமா? நகார்ச்சி என்ற பேச்சை அன்றைக்கு முன்னால் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. முத்தவல்லியே கேட்டதில்லை என்கிறார். கதை கட்டத் தெரிந்த வாய்தானே அது? அன்று சொன்னது பொய்யா, அதுவரை வாழ்ந்தது பொய்யா?

போன வெள்ளிக்கிழமை கபரஸ்தான் வாசலில் அவனை மறித்துக் கேட்டேவிட்டேன்.

"நயீம் பாய், அல்லா மேல ஆணையா சொல்லு. நவாபா, நகார்ச்சியா?"

அவன் என்னைப் பார்க்காமல் உள்ளே மஹ்பூபி இருக்கும் பக்கம் பார்த்தான்.

"மஹ்பூபி பாபி இருந்த எடத்துலயே இருக்காங்கல்ல? வுடு, பாஷா பாய்."

ஆணை மட்டும் வைக்காமலே போய்விட்டான். அங்கேயே நின்று அழுதேன்.