ஊக்கில் தொங்கும் பென்டிரைவ்

இசைவாணியின் கை மறுபடி மார்புக்குப் போகிறது. விழுப்புரத்தில் ஏறியவள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் இது நான்காவது தடவை. தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்குகளில் பெரியதைத் தடவிப் பார்க்கிறாள். அதில் கோத்த பென்டிரைவ் இருக்கிறது. ஊக்கைத் திறந்து, அழுத்தி மூடுகிறாள். பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. அவளோ இதற்குள் மூன்று இடம் மாறியாயிற்று. முதலில் வெயில், அடுத்து ஜன்னல் கடகடத்தது, மூன்றாவதற்குக் காரணமே இல்லை.

“எந்த சீட்டுல ஒக்காந்தாலும் திண்டிவனம் ஒரே நேரத்துக்குத்தாம்மா வரும்” என்கிறார் நடத்துநர்.

“மொதல்ல டிரைவர ஜல்தியா ஓட்டச் சொல்லுங்கண்ணே.”

அவள் செய்யும் தொழிலுக்குப் பெயர் கிடையாது. விழுப்புரத்தில் பிரவுசிங் சென்டர் ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். எல்லார் கையிலும் செல்போன் வந்தது, கடை மூடியது. கம்ப்யூட்டர்கள் மட்டும் ஊரெங்கும் மிச்சம் இருந்தன: கண்டாச்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடையில், திருவாமாத்தூரில் அரிசி ஆலையில், பள்ளிக்கூடங்களில். பதினைந்து வயதான பெட்டிகள். அவற்றில் இருக்கும் பிரவுசரும் அதே வயது. இன்றைய பக்கங்களைத் திறந்தால் வெள்ளையாக முழிக்கும். புதிய பிரவுசரை இறக்கலாம் என்றால், அதை இறக்கும் பக்கமே பழையதில் திறக்காது. “புதுசு வேணும்னா மொதல்ல புதுசு இருக்கணுமாம். இன்னா நியாயம் இது?” என்று கேட்பாள் இசைவாணி. ஆகவே அந்தப் பழைய பெட்டிகளை இன்னும் கைவிடாத பிரவுசர் ஒன்றை முழுக் கோப்பாகப் பென்டிரைவில் சுமந்து போகிறாள். நெட்டே இல்லாத இடத்திலும் அது ஏறிவிடும்.

கைப்பையில் ஒரு டிபன் பாக்ஸ். அதில் சோறு இருந்ததில்லை. இரண்டு திருப்புளி, பெயிண்ட் பிரஷ், செல்போனில் பென்டிரைவைச் செருகுவதற்கு ஒரு சின்ன இணைப்பு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்று. பெட்டி உயிர் பெறாவிட்டால் உள்ளே இருக்கும் மெமரிப் பட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் அழுத்தித் தேய்த்துத் திரும்பச் சொருகுவாள். பத்துக்கு ஏழு எழுந்துகொள்ளும்.

தேநீரை அவள் முழுதாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லாவற்றையும்விட விநோதம், பிரவுசர் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் நகரத் தொடங்கியதும் வெளியே போய்விடுவாள். “பாத்துக்கினே இருந்தா நகராது அது” என்பாள். வராந்தாவில் நடந்துகொண்டே உள்ளே குரல் கொடுப்பாள்: “ஆவுதா? ஆவுதா?”

அந்த வழக்கம்தான் போன வெள்ளிக்கிழமை அவளை மாட்டிவிட்டது.

ஓமந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளி. பத்து கம்ப்யூட்டர்கள், நெட் கிடையாது. பாடங்கள் ஒரு பென்டிரைவில் படமும் கேள்வியுமாக வந்திருந்தன. பிரவுசரில் திறந்தால் போதும், நெட் தேவையில்லை. பழைய பிரவுசரில் பத்துத் திரையிலும் வெள்ளை. தலைமையாசிரியை சவுரியம்மாள் பொறுத்துப் பார்த்தார். “வெள்ளத்தாள் காட்டறதுக்குப் பத்து டிவி எதுக்கும்மா? அந்த ரூமக் காலி பண்ணா ரெண்டாங்கிளாஸையாவது ஒக்கார வெப்பேன்” என்று பழைய இரும்புக்காரர் ராஜ்குமாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இசைவாணி போனில் கெஞ்சியதில் ஒரு கெடு கிடைத்தது: வெள்ளிக்கிழமை நாலேகால் மணிக்குள் பாடம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேன் ஏற்றிக்கொண்டு போகும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் இசைவாணியைக் கூப்பிடுவதே இந்த அம்மாள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான்.

அவள் போனபோது மணி இரண்டரை. வேன் ஏற்கெனவே உள்ளே நின்றது. ராஜ்குமார் பத்து மானிட்டரின் நெற்றியிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பாதையில் சுற்றுகிறவர்கள். இவள் முந்தினால் அவருக்கு லோடு இல்லை. அவர் முந்தினால் இவளுக்கு வேலை இல்லை.

“வாக்கா. ஒனக்குத்தான் வெயிட் பண்ணிக்கினு கீறேன். சாவு வீட்டுக்கு டாக்டர் வந்த மாதிரி வர்ற.”

“பொணம் எழுந்து நடக்கும் பாரு, நீயே பயந்து ஓடப்போற.”

முதல் பெட்டியில் பென்டிரைவைச் செருகி இரட்டைச் சொடுக்குச் சொடுக்கி, வழக்கம்போல வராந்தாவுக்குப் போனாள். “ஆவுதா டீச்சர்?”

“என்னமோ இணைப்பு இல்லைன்னு சொல்லுதும்மா.”

திரும்பி ஓடிவந்தாள். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, அதே வரி. கோப்பின் அளவைப் பார்த்தாள். அறுபது எம்.பி. இருக்க வேண்டியது அரை எம்.பி.கூட இல்லை. அதற்கு முந்தின வாரம் பழைய பென்டிரைவ் கெட்டுப்போனதால் வீட்டில் புதிதாக இறக்கியிருந்தாள். அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். வந்தது வெறும் குட்டிக் கோப்பு. நெட்டிலிருந்து மிச்சத்தைத் தானே இழுத்துக்கொள்வது. வீட்டுப் பழைய பெட்டியில் ஏற்றிப் பார்க்கத்தான் செய்தாள். ஏறியது, வீட்டில் நெட் இருந்தது. கோடு ஓடும்போது உட்கார்ந்து பார்த்திருந்தால் ‘இறக்கப்படுகிறது’ என்ற வரி தெரிந்திருக்கும். அப்போது அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் செல்போனில் சிக்னல் இல்லை. சவுரியம்மாளுடையது பட்டன் போன். மணி இரண்டே முக்கால். மூன்று முறை வராந்தாவை அளந்துவிட்டு ராஜ்குமார் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, ஒன் செல்லுல டவர் எடுக்குதா?”

அவர் மல்லாட்டையை மெல்லுவதை நிறுத்தினார். “என் நெட்டுலயே என் லோடுக்கு ஆப்பு வெக்கறியாக்கா?”

“அறுவது எம்.பி.தான்.”

“சாயந்தரம் மேட்ச் கீது.”

“மேட்ச் பாக்க மீதி இருக்கும். குடு.”

அவர் சவுரியம்மாளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். “நான் புடிச்சிக்கினு நிக்க மாட்டேன். கொடிமேடை மேல ஏறித் தலைக்கு மேல தூக்குனாத்தான் ரெண்டு கோடு வரும். கொஞ்சம் ஆட்னாலும் பூடும். நீயாவது, ஒரே எடத்துல நிக்கறதாவது!”

இசைவாணி கொடிக்கம்பத்து மேடையில் ஏறினாள். இந்த முறை அளவை இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்தினாள். கையை உயர்த்தினாள். இரண்டு கோடு. கோப்பு எறும்பாக ஊர்ந்தது. ஐந்து நிமிடத்தில் அவள் வலது கால் தாளம் போடத் தொடங்கியது. உடனே இறக்கம் நின்றது. “அக்கா, காலு!” என்று கத்தினார் ராஜ்குமார். காலை நிறுத்தினாள். மறுபடி ஊர்ந்தது.

“கொடிக்கயித்துல கட்டி ஏத்திரலாமா டீச்சர்?” என்று கேட்டார் அவர்.

“அது தேசியக் கொடிக்குய்யா. ஒன் செல்லுக்கு இல்ல.”

தோள் கடுத்தது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தது. மார்புக்குப் போகத் துடித்த இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பு ஜன்னல்களில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தன. “சிலையாட்டம் கீறக்கா, மாலை ஒண்ணு வாங்கியாரட்டுமா?” என்றார் ராஜ்குமார். அவள் கண்ணை மட்டும் மேலே உருட்டி எண்ணைப் பார்த்தாள். முப்பத்தொன்று. நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டில் ஒரு யுகம் நின்றது. நாற்பது நிமிடம் கழித்து மேடையிலிருந்து குதித்தபோது உயர்த்திய கை மடங்கவே இல்லை.

பிறகு எல்லாம் ஓட்டம். டிபன் பாக்ஸிலிருந்த சின்ன இணைப்பை ராஜ்குமாரின் செல்போனில் செருகிக் கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றினாள். முதல் பெட்டியில் பச்சைக் கோடு நகர்ந்தபோது வாசல்வரை போனவள் திரும்பி வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தாள். பாடத்தைத் திறந்தாள். திரையில் ஒரு தவளை, வயிறு திறந்து, உறுப்புகள் நிறம் நிறமாக.

“அட, தவள!” என்றார் சவுரியம்மாள்.

இசைவாணி முந்தானையால் அந்த மானிட்டரின் நெற்றிக் குறியைத் துடைத்தாள். அடுத்தது. அடுத்தது. ஆறாவது பெட்டி விழிக்க மறுத்து, ரப்பர் தேய்த்த பிறகு எழுந்தது. நாலேகால் மணி அடித்தபோது ஒன்பது நெற்றிகள் சுத்தமாக இருந்தன. பத்தாவது பெட்டிக்கு ரப்பரும் உதவவில்லை. பென்டிரைவைச் செருகிச் செருகிப் பார்த்தாள், விளக்குகூட எரியவில்லை.

“இத அவுரு எடுத்துக்கினு போவட்டும் டீச்சர். பாவம், நெட்டு குடுத்தாரு.”

சவுரியம்மாள் தலையசைத்தார். அடுத்த மாதம் கண்டாச்சிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போகச் சொல்லி ஒரு நம்பரையும் எழுதிக் கொடுத்தார். ராஜ்குமார் பத்தாவது பெட்டியை ஒற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். வேன் உறுமியது. இசைவாணி டிபன் பாக்ஸை மூடினாள். அவள் கை மார்புக்குப் போனது.

ஊக்கு வெறுமையாக இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். “ராஜ்குமாரு! நிறுத்துய்யா! பொட்டியிலயே கீது!”

வேன் வாயிற்கதவைத் தாண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. கையில் பென்டிரைவ் ஆடிக்கொண்டிருந்தது. “ஏத்தும்போதே பாத்தேன். எவ்ளோ நேரத்துல நீ வர்றன்னு எண்ணிக்கினு இருந்தேன்.”

அதைப் பிடுங்கி ஊக்கில் கோத்தாள். அழுத்தி மூடினாள். வேன் புளியமர வளைவில் திரும்பி மறையும்வரை பொறுத்திருந்துவிட்டு, மறுபடி ஊக்கைத் திறந்து மூடினாள்.