பொறி பட்டால் ஊதுவார்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் வெல்டர் ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். அவர் கை நரம்பில் ஊசி குத்தி, சிவப்பு மருந்தை மெல்ல மெல்லச் செலுத்திக்கொண்டிருந்தேன். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் மருந்து அது.

“வலிக்குதுங்களா?” என்று இடையிடையே கேட்டேன்.

“இல்லீங்க சாமி.”

சிறிது நேரத்தில் அவர் தன் கையை வாயால் ஊத ஆரம்பித்தார். மனைவி பதறிவிட்டார். “ஏனுங்க ஊதறீங்க? பட்டறையில நெருப்புப் பொறி பட்டாத்தானே ஊதுவீங்க?”

“எரியுது புள்ள. மருந்துன்னா எரியத்தானே செய்யும்?”

எரிகிறது என்றால் மருந்து கசிகிறது என்று அர்த்தம். உடனே மருந்தை நிறுத்தினேன். ஊசியைப் பிடுங்காமல், அதன் வழியாகவே முடிந்த மட்டும் மருந்தை உறிஞ்சி எடுத்தேன். டாக்டர் ஓடி வந்தார். ஐஸ் ஒத்தடம் கொடுத்தோம். லேசான சிவப்போடு கை தப்பியது.

அதன்பின் ‘வலிக்கிறதா’ என்று மட்டும் கேட்டு நான் நிறுத்துவதில்லை. எரிந்தாலும் சுருக்கென்றாலும் சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொள்வதுதான் தப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி குத்திய இடத்தைவிட்டுக் கண்ணையும் எடுப்பதில்லை.

அவருக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த முறை வந்து கட்டிலில் உட்கார்ந்ததுமே, “எரியுதுங்க!” என்று கத்தினார்.

“இன்னும் ஊசியே போடலீங்களே!”

“சொல்லிப் பழகறனுங்க சாமி.”