அறுபது வீட்டில் ஐம்பத்திரண்டு

பரிபூரணம் என்ன படிக்கிறாள் என்பது ராஜபாளையத்தில் அவள் தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மதுரையில் இரண்டு வருஷப் படிப்பு, பெயர் தொடர்பியல். மில்லில் பிட்டராக இருந்த அவள் அப்பா பொன்னுராஜ், மகள் டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் படிப்பதாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்திப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள். ஜனங்களுக்குச் சேதி எப்படிப் போய்ச் சேருகிறது என்று படிக்கிறவளால் பெற்ற அப்பாவுக்கு ஒரு சேதியைச் சேர்க்க முடியவில்லையே என்று நான் கேலி செய்வேன். நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். 1987 மார்ச்சில் தன் ஆய்வேட்டை அடிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். மில்லுக்குப் போகும் பெண்கள் ரேடியோவில் என்ன கேட்கிறார்கள் என்பது விஷயம். தெரிந்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது என்று பேராசிரியர் சொன்னதால், ஊரின் மறுகோடியில் ஒரு தெருவில் அறுபது வீடு ஏறி இறங்கியிருந்தாள். கையில் கிளிப் வைத்த அட்டை, அச்சடித்த கேள்வித்தாள், பேனா. முதல் கேள்வி, வீட்டில் வானொலிப் பெட்டி உள்ளதா. ஐம்பத்திரண்டு வீட்டில் இல்லை என்று பதில். மீதி எட்டு வீட்டில் ரேடியோவைக் காட்டியதோடு, கேட்காமலே ஒரு சின்னப் புத்தகத்தையும் எடுத்துவந்து காட்டினார்களாம். மரியாதைக்குக் காட்டுகிறார்கள் என்று இவளும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பேராசிரியருக்கு ஏக சந்தோஷம். ரேடியோ ஏழைகளிடம் போய்ச் சேரவேயில்லை என்று அவர் பல வருஷமாகச் சொல்லி வந்தவர். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு வேலைக்கு எழுதுவதாகச் சொன்னார். பரிபூரணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தொண்ணூறு பக்கம், கார்பன் வைத்து நாலு பிரதி அடித்துக் கொடுத்தேன். அடித்த நேரமெல்லாம் என் தலைக்கு மேலே பலகையில் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கும் உறைக்கவில்லை.

பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், ஒரு வீட்டில் வயது கேட்க விட்டுப்போனது என்று அந்தத் தெருவுக்கு மறுபடி போனாள். அட்டை எடுத்துப்போகவில்லை. காலை ஷிப்ட் முடிந்து பெண்கள் வீடு திரும்பியிருந்தார்கள். தெருமுனை வீட்டில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. இவள் நடக்க நடக்க அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே பாட்டு. கடைசி வீட்டுச் சுடலையம்மாளிடம் போய் நிற்கும்வரை பாட்டில் ஒரு வரிகூட அவள் காதுக்குத் தப்பவில்லை.

"ரேடியோ இல்லன்னு சொன்னியளேக்கா?"

"சொல்லாம? அடுத்தாப்புல ரேடியோவுக்கு வருசப் பணம் கட்டுன லைசென்ஸ் புக்கு எங்கேன்னு நீ கேப்பேன்னுல்லா நெனச்சோம்."

"லைசென்ஸத்தான் கவர்மெண்டுலயே எடுத்துட்டாவளே. ரெண்டு வருசமாச்சு."

"எடுத்தாச்சுன்னு ரேடியோவுலயும் சொன்னான். அதுக்கு முந்தி கட்டாம விட்டத இப்பச் சேத்துக் கேட்டா? அட்டையும் பேனாவுமா வந்து நின்னா யாரு இருக்குன்னு சொல்லுவா? நீ மொத வீட்டுல பேசிக்கிட்டு இருக்கையிலேயே கடைசி வீடு வரைக்கும் சொல்லிவிட்டாச்சு."

அன்று சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

"பேசாம குடுத்துரு. ஒருத்தருக்கும் தெரியாது. ஒனக்கு வேலை கெடைக்கும், எனக்கு வேலை மிச்சம்" என்றேன்.

"அவிய பயந்து மறைச்சாவ. நான் தெரிஞ்சுக்கிட்டே மறைக்கணுமாட்டி?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறுபடி தொண்ணூறு பக்கம் அடிக்க வேண்டுமே என்று மட்டுமில்லை, அவள் சொன்னது சரி என்பதாலும்தான். பேராசிரியருக்கு என்னைவிடக் கோபம். அவர்கள் சொன்னதைத்தானே நாம் எழுதினோம், அதில் உன் தப்பு என்ன என்று கேட்டார். இவள் மசியவில்லை. சென்னை வேலைக்கான கடிதம் இன்னொரு மாணவருக்குப் போயிற்று.

இந்தத் தடவை சுடலையம்மாளே சேதி சொல்லிவிட்டாள். நம்ம மில்லு பிட்டர் பொன்னுராஜ் மக, படிப்புக்குத்தான் கேக்கா, பயப்படாம சொல்லுங்க என்று. முதல் தடவை போன அதே வழியில், அதே வேகத்தில் அது கடைசி வீடு வரை போனது. பரிபூரணம் அட்டை இல்லாமல் போய் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசினாள். அறுபதில் ஐம்பத்தெட்டு வீட்டில் ரேடியோ இருந்தது. முதலில் தான் ஏமாந்த கதையையும் ஒரு தனி அத்தியாயமாக எழுதினாள். என் விரல்கள் வீங்கிப்போயின. கடைசி நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது.

பிறகு அவளும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டாள். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்புகளுக்குப் பெண்களைத் திரட்டும் வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சென்னைக்குப் போயிருக்கலாமே என்று எனக்குப் பல நாள் வருத்தமாக இருந்தது. அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

1996இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கையில் அட்டை, பேனா.

"ஆய்வுக்காகக் கேக்கோம். வீட்டுல கேபிள் டிவி இருக்குங்களா?"

"இல்லிங்க" என்றாள் பரிபூரணம்.

அவர் குறித்துக்கொண்டு போனார். கேபிளுக்கு வரி போட ஆள் வருகிறார்கள் என்று தெருவில் ஒரு வாரமாகப் பேச்சு. உள் அறையில் டிவியில் கேபிள் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். சட்டென்று எழுந்து வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"ஏங்க, நில்லுங்க. இருக்கு. மாத்தி எழுதிக்கிடுங்க."

அவர் குழம்பிப்போய் அட்டையைப் புரட்டினார். "இந்தத் தெருவுல எல்லாருமே இல்லன்னுதான் சொல்லியிருக்காவ."

"அப்ப அம்புட்டையும் மாத்தணும்" என்றவள் என்னைக் காட்டினாள். "அட்டைய இவ கையில குடுத்துட்டு வாங்க. முதல் வீட்டுல இருந்து நானும் கூட வாரேன்."