காக்கா கத்தினால்...

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு லெட்சுமி கையில் துடைப்பத்தோடு என் கேட்டில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க வீட்டுக்குள்ள காக்கா பூந்துடுச்சா? அரை மணி நேரமா கத்துது!"

காக்கா எதுவும் புகவில்லை. கத்தினது நான்தான்.

விஷயம் இதுதான். என் மகள் கவிதா பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவள். ஓபோ என்றால்? நம் நாதஸ்வரத்துக்கு ஒல்லியான வெள்ளைக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குச் சீவாளி, இதற்கு ரீட். மனைவி தவறிய பிறகு சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மாசாயில் இருக்கும் வீட்டில் நானும் கவிதாவும்தான். போன வருடம் சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவளும் அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள் — ஓபோவை அலமாரியிலும் என்னை ஹாலிலும் விட்டுவிட்டு.

கடைசியாக வந்து மூன்று மாதம் ஆகிறது.

வந்தால் வாசிக்க உருப்படியாக ஒரு ரீட்டாவது இருக்க வேண்டாமா? பழசெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தன. வீடியோ பார்த்து நானே செய்யக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

நாணல் துண்டை ஊறவைத்து, இரண்டாக மடித்து, சின்னக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்டி, நுனியை வெட்டிவிட்டு, கத்தியால் சீவ வேண்டும். நடுநடுவே ரீட்டை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். காக்கா மாதிரி கத்தினால் ரீட் தயாராம். வீடியோவில் வரும் அம்மையார் அடித்துச் சொல்கிறார்.

என் ரீட் கத்தினால்தானே? முதலில் வெறும் காற்று. கொஞ்சம் சீவினேன், கீச் என்றது. இன்னும் ஒரே ஒரு சீவல்... நுனி பிளந்துவிட்டது. இருபத்தெட்டு ரீட் இப்படியே குப்பைக்குப் போயிற்று.

எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிவதில்லை. ரீட்டில் மட்டுமா? கவிதா போன் செய்தால் முதலில் "சாப்பிட்டியா?" அடுத்தது "எப்ப வர்ற?" ஏதோ சொல்லிச் சமாளிப்பாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி, "அதான், எப்ப வர்ற?" வைக்கும்போது இன்னொரு தடவை. தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது. அதுவும் நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். தனிமை பொல்லாதது சார்... கையில் கத்தி இருப்பதே தெரியாமல் சீவ வைத்துவிடும்.

அன்றைக்கு இருபத்தொன்பதாவது ரீட். இன்னும் கொஞ்சம் சீவலாம் போலிருந்தபோதே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஊதினேன்.

கா!

கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானே ஊதி நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் லெட்சுமி வீடு வரை போயிருக்கிறது.

ரீட்டைக் காட்டியதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காக்கா கத்துனா விருந்தாளி வருவாங்களே அண்ணே. யாரு வர்றாங்க?"

"நீதான் வந்துட்டியே."

"நான் என்ன விருந்தாளியா? அடுப்புல கறி கொதிக்குது லா!" ஓடிவிட்டாள்.

பதினோரு மணிக்குக் கவிதாவின் போன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சட்டென்று ரீட்டை எடுத்து வாயில் வைத்து ஊதினேன்.

"அலமாக்!" என்று பதறினாள். "என்னப்பா அது?"

"காக்கா."

"ஓபோ ரீட்டா? நீங்களா செஞ்சீங்க?" சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "இன்னொரு தடவ ஊதுங்கப்பா."

ஊதினேன்.

"பாலத்துல ஜாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்பா."

இன்றைக்கா, அடுத்த வாரமா? நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

கத்தினது காக்கா இல்லை, நான்தான் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் ரைஸ் குக்கரில் ஒரு கப் அரிசி கூடப் போட்டேன்.