வேலையில் இல்லாதவர் மூடிய கேட்

இன்று காலை பெரம்பலூரிலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் பஸ் அரியலூர் ரயில்வே கேட்டில் நின்றது. கேட் மூடியிருந்தது. அதை மூடியவர் வேலையில் இல்லை.

அவர் பெயர் கோவிந்தன். உலக யுத்தம் தொடங்கியபோது தற்காலிக கேட் காவலராகச் சேர்ந்தவர். யுத்தம் முடிந்துவிட்டது, அவர் இன்னும் தற்காலிகம்தான்.

ஒரு வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் நீக்கிவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு நாள் இன்று.

“அப்புறம் ஏன்யா நீ மூடுனே?” என்றார் கண்டக்டர்.

“பதிலாள் வரலீங்க. வண்டி வருதே, என்ன பண்றது?”

சரக்கு ரயில் போனது. கேட்டைத் திறந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். பஸ்ஸில் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

“இன்னிக்கும் நான்தான் வேலை பார்த்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். நடுவுல நாள் விடலேன்னு ஆயிடும்.”

தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

“இதைக் கொண்டுபோய் நீட்டுனா நாளைக்கு உன்னைச் சேர்த்துக்குவாங்களா?” என்றார் கண்டக்டர்.

கோவிந்தன் தாளை நான்காக மடித்து என் கையிலேயே வைத்தார். “வேணாம் சார். காலையில புதுசா சேரணும்.”

மாலை ரயிலுக்கும் பதிலாள் வந்திருக்க மாட்டார். கேட்டை மூடியது யார் என்று பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். இலாகாவைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை.