நான் ஊரில் இல்லாத பதினெட்டு நாட்கள்

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. வலது பாதி வழித்துத் துடைத்த வெறும் எவர்சில்வர். இடது பாதியில் நான் வைத்த சோறும் முருங்கைக்கீரையும் கை படாமல் கிடந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. பக்கவாதத்தில் விழுந்த என் கணவர், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அடி அண்ணாமலையிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய முதல் மதியம். இடது கையும் காலும் அசையவில்லை, பேச்சு கொஞ்சம் குழறியது, மற்றபடி நினைவு தெளிவாகத்தான் இருந்தது. தலையணையை அண்டக்கொடுத்து உட்காரவைத்து, மடியில் பலகை போட்டு, அதன்மேல் தட்டை வைத்திருந்தேன். "கீரை பிடிக்கலையா?" என்று கேட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை. தலைவலி என்று டவுனுக்குப் போனவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி, தினம் ஒன்று போடும்படி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் போட்டார். தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும் தினமும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார். ஒருநாள் ஸ்பேனர் பெட்டியைத் துடைக்கப் போனவள், அடியில் அத்தனை மாத்திரையும் அட்டை பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை நான். மோட்டாரோடு வந்திருந்த இரண்டு பேருக்கு முன்னால், அட்டைகளை நீட்டி, பட்டறை அதிரக் கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் செத்துப்போனது. "போய் உங்கம்மா வூட்ல உக்காரு போ. இங்க இருந்து என் உயிர எடுக்காத" என்றார். "போறேன். நீங்க தேடும்போது நான் இருக்க மாட்டேன், பாருங்க" என்று நானும் சொன்னேன். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாது. அவருடைய தம்பிதான் கூட இருந்தார். பார்வை நேரத்தில் நான் போய் நிற்பேன்; பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை எப்படிப் போடுவது என்ற பேச்சு வந்தது. எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். படுத்திருப்பவர் கண்ணைத் திறந்தால், சாமியாகக் கும்பிடுகிற மலை தெரிய வேண்டும். தலை தெற்கே வைத்து, வலது கைப்பக்கம் கிழக்கு ஜன்னல் வரும்படி தம்பி கட்டிலை நகர்த்திப் போட்டார். ஜன்னல் நிறைய மலை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. தம்பி காலையும் மாலையும் அங்கே நின்றுதான், விளங்குகிற வலது கையைப் பிடித்து அவரைத் தூக்குவார், உடம்பு துடைப்பார், பிறகு ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கதை பேசுவார். நான் கதவுப் பக்கமாக வந்து, அவருடைய இடது பக்கத்தில் கஞ்சியும் சோறும் வைத்துவிட்டு நிற்பேன்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது? தம்பி ஏதாவது சொன்னால் அவர் கோணிய வாயோடு சிரிப்பார். நான் பேசினால் ஜன்னலைப் பார்ப்பார். "தண்ணி வேணுமா?" என்றால் ஜன்னல். "கால் வலிக்குதா?" என்றால் ஜன்னல். மதியத்தில், ஆளில்லாத நேரத்தில், முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன். அந்தக் கையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. நோயாளியிடம் கோபப்படக்கூடாது என்று சொன்ன மகராசி யாரோ, அவள் ஒருநாள் என் இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பட்டறை சாத்திக் கிடந்தது. பௌர்ணமியன்று மலை சுற்றுகிறவர்கள் வாசல் வழியாகப் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களில் யாராவது உள்ளே வந்து என்னிடம் இரண்டு வார்த்தை பேசமாட்டார்களா என்று இருந்தது. ஒருநாள் அவர் தம்பியிடம் சொல்வது அடுக்களையில் கேட்டது. "இன்னிக்கும் சோறு கம்மிதாண்டா." அடுத்த வேளை இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன். பாதி அப்படியே திரும்பி வந்தது. அதற்குமேல் என்னை அவமானப்படுத்த முடியாது என்று நினைத்தேன்.

அவர் விழுந்த பதினெட்டாம் நாள் டவுனில் டாக்டரம்மாவிடம் காட்டுவதற்குத் தம்பி ஒரு வாடகைக் காரை வைத்துக்கொண்டு வந்தார். அங்கே அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். நான் வழக்கம்போல இடது பக்கம் நின்றேன். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "தம்பி" என்றார் என் கணவர். "வேற யாரும் வரலையா?" "இல்லீங்க." என் முழங்கை அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு அவரிடம் கொடுத்து, அதைக் கடிகாரமாக்கி மணியெல்லாம் எழுதச் சொன்னார். அவர் பென்சிலை வாங்கி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, சரியாக முடித்த திருப்தியோடு நீட்டினார். எவ்வளவு சிக்கலான காயிலையும் ஒரு சுற்றுப் பிசகாமல் கட்டுகிற கை அது.

டாக்டரம்மா என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "அவருக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லமா. மூளையில வலது பக்கம் ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. அதனாலதான் இடது கை கால் வரல. அதோட, இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தோணல. கண்ணு பாக்குது, மூளை அத எடுத்துக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் காணோம்ன்றதும் அவருக்குத் தெரியாது. சொன்னாலும் இப்போ நம்ப மாட்டாரு. கொஞ்ச நாள் வலது பக்கமா போய்ப் பேசுங்க. அப்புறம் மெதுவா இந்தப் பக்கம் திரும்பப் பழக்கலாம். மாத்திரைய மட்டும் வுட்டுடாதீங்க." பாதித் தட்டு, ஜன்னல், என் மடியில் கிடந்த கை எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின. பத்து நாளாக அவர் என்னை ஒதுக்கவே இல்லை. நான் நின்ற இடம்தான் அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

உள்ளே வந்து, நாற்காலியின் பின்பக்கமாகச் சுற்றி அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். நாலைந்து அடிதான் இருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"எப்ப வந்த?" என்றார். பிறகு, குழறலோடு, "உங்கம்மா சௌக்கியமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார். "உன் குரல் மட்டும் அப்பப்போ கேட்டுச்சு. ஜன்னலாண்ட கேக்கற மாதிரி இருக்கும். பாத்தா ஆளு இருக்காது. சோறு தம்பி வூட்லேர்ந்து வருதுன்னு நெனச்சிக்கினேன். தம்பியாண்ட கேக்கலாம்னு பாத்தேன். நான்தான போன்னு சொன்னேன், இன்னா மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?" தம்பி தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கென்ன என்று அவரும் என் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறார்.

நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், கூடவே உங்களுக்குப் பாதி உலகம் தெரியவில்லை என்றும் சொல்ல வேண்டும். என்னை எதிர்பார்த்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷரிடம் அதை எப்படிச் சொல்வது? "அம்மா நல்லா இருக்காங்க. இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி வரேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தார். மாத்திரையை நானே வாயில் போட்டுவிடுவேன். இடது பக்கமும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, தட்டு காலியானது. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: "கோவிச்சிக்கினு போனவ, நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டா." கேட்ட பெண்களில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். புருஷன் விழுந்து கிடக்கும்போது பதினெட்டு நாள் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தவள் இவள் என்று. பார்த்தால் பார்க்கட்டும் என்று காப்பி கலக்கப் போய்விடுவேன்.

இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். யாருக்கும் எந்தப் பக்கமும் உட்கார வேண்டியதில்லை. அவர் நன்றாக இருந்த கடைசி வருஷத்திலாவது ஒருநாள் அவரை உட்காரவைத்து, "நான் அப்போ எங்கயும் போவல, உங்க பக்கத்துலதான் இருந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.