ஸ்காபரோவில் வாங்கிய முடி

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபம். வெளியே பனி கொட்டுகிறது. நண்பர் சொல்லி, நாடக ஒத்திகை பார்க்க முன்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். நானூறு ஆண்டுப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழில் கூத்தாக ஆடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அரசன் தன் மணிமுடியைக் கழற்றிப் பகைவனிடம் கொடுக்க வேண்டும். அரசனாக ஆடும் மரியதாஸ் அண்ணை மறுக்கிறார். நாளை அரங்கேற்றம்.

"கூத்தில ராசா மேடையில முடி கழட்டுறேல்லை, பிள்ளை. அது கடவுள் குடுத்தது."

"கடவுள் குடுக்கேல்லை மச்சான், நான் ஒட்டினது" என்கிறார் பகைவனாக ஆடுபவர்.

நெறியாளர் ஜெனிற்றா சிரிக்கவில்லை. "நாடகம் கேக்கிறதே அதுதான் அண்ணை. கடவுள் குடுத்ததை ஆர் திருப்பி வாங்கலாம்?"

அண்ணை பகைவனாக ஆடுபவரைக் கைகாட்டுகிறார். "உவன் வாங்கேலாது. சனம் கேட்டால் குடுப்பன்."

"அப்ப சனத்திட்டைக் குடுங்கோ."

மண்டபத்தில் பார்வையாளன் நான் ஒருவன்தான். அண்ணை மேடையிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து முடியைக் கழற்றுகிறார். நெற்றியில் அதன் தடம் சிவந்திருக்கிறது.

"கவனம் தம்பி, பசை இன்னும் காயேல்லை."

நேற்றுத்தான் இந்த நகரத்தில் வந்து இறங்கினேன். இன்று என்னையும் சனமாக எண்ணிவிட்டார்கள். எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறேன்.